வழியில் சைக்கிள் செயின் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்து சரிசெய்வது, பையில் எதை வைப்பது

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து விடியற்காலையில் கிளம்பி கணியம்பாடி, அமிர்தி பக்கம் மிதித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பும் ஆள் நான். வீட்டில் மூன்று சைக்கிள். அப்பாவின் கம்பி பிரேக் வண்டி, அக்கா மகனுக்குப் பிளஸ் ஒன்னில் கொடுத்த விலையில்லா சைக்கிள், என்னுடைய கியர் வண்டி. பஞ்சரை விட செயின்தான் எங்களை அதிகமாக ரோட்டில் நிற்க வைத்திருக்கிறது. பஞ்சர் என்றால் அடுத்த ஊர் வரை தள்ளிக்கொண்டு போகலாம், யாராவது ஒட்டித் தருவார்கள். செயின் விஷயம் அப்படி இல்லை.

பையில் எதை வைப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: வழியில் பஞ்சர் கடையில் கிடைப்பதைச் சுமக்க மாட்டேன், கிடைக்காததை விட்டுவிட்டுப் போக மாட்டேன். அணைக்கட்டோ ஒடுகத்தூரோ லத்தேரியோ, எந்தக் கடையிலும் ஸ்பேனர், சுத்தியல், குறடு, கியர் இல்லாத வண்டிக்கான செயின் லாக் (செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் துண்டு) எல்லாம் இருக்கும். 9 கியர் செயினுக்கு லாக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எது கைவேலை, எது கடை வேலை என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பின்னால் எண்ணுங்கள்

"என்னது 21 கியர் வண்டி, அதுக்கு 21 கியர் லாக் குடுங்க" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. செயினைப் பொறுத்தவரை பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர எண்ணிக்கைதான் கணக்கு. 6, 7, 8 மூன்றுக்கும் ஒரே லாக் போகும். 9க்குத் தனி, 10க்குத் தனி, 11, 12க்கும் தனித்தனி, ஏனென்றால் பின்னால் பல்சக்கரம் கூடக்கூட செயினின் வெளி அகலம் குறைகிறது. 8 கியர் செயின் சுமார் 7 மில்லிமீட்டர், 11 கியர் செயின் ஐந்தரைதான். கியர் இல்லாத வண்டியின் செயின் எல்லாவற்றையும் விடத் தடிமன். நீளவாக்கில் மட்டும் எல்லாம் ஒன்று, ஒரு பின்னில் (கண்ணிகளைக் கோக்கும் சின்ன ஆணி) இருந்து அடுத்த பின் வரை அரை இஞ்ச்.

இதை வீட்டில் எண்ணி, சரியான லாக் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லாக் என்று நான் சொல்வது கையால் மாட்டிக் கழற்றும் அந்த இரண்டு துண்டு இணைப்பு. ஒன்று வேலைக்கு, இன்னொன்று புல்லில் விழுந்து தொலைவதற்கு.

அறிகுறி: செயின் அடிக்கடி கழல்கிறது (கியர் இல்லாத சைக்கிள்)

எங்கள் வீட்டுப் பையனின் சைக்கிளில் வாரம் ஒரு முறை நடந்த கதை இது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் போதும், கழன்று தொங்கும். அவன் வெறும் கையால் மாட்டிவிட்டு அதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவான், திட்டு வாங்குவது எங்கள் அக்கா.

மாட்டுவதற்கு முன், விரல் எச்சரிக்கை. பின்பல்லில் செயினை உட்கார வைத்து, முன் பல்சக்கரத்தின் அடிப்பக்கத்தில் நாலு பல் மாட்டி, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் தானாக ஏறிக்கொள்ளும். செயினை ஒரு குச்சியால் பிடியுங்கள். பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் விரல் போனால் நகம் மட்டும் போகாது.

மாட்டியாயிற்று. ஏன் கழன்றது?

தளர்வு: முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் நடுவில் செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மொத்தம் அரை இஞ்ச் அசைந்தால் சரி. ஒரு இஞ்சுக்கு மேல் ஆடினால் அதுதான் காரணம். பின்சக்கர நட் இரண்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயின் பக்க நட்டை லேசாகப் பிடித்துக்கொண்டு, டயர் ஃப்ரேமின் இரண்டு கம்பிக்கும் நடுவில் வருகிறதா பார்த்து, அப்புறம் இரண்டையும் முடுக்க வேண்டும். பழைய வண்டியில் கேரியர், மட்கார்டு கம்பி எல்லாம் அதே அச்சில் மாட்டியிருப்பதால் எல்லாம் சேர்ந்து தளரும், வாஷர் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் போக வேண்டும். முடித்ததும் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கட்டை ரிம்மில் சரியாக உட்காராமல் போயிருக்கலாம்.

நட் தானாகத் தளர்வது: சரிசெய்த இரண்டே நாளில் மறுபடி தளர்ந்தால், நட்டோ அச்சு மரையோ தேய்ந்திருக்கிறது. புது நட் போட்டுப் பாருங்கள், செலவு ஒன்றும் இல்லை.

ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தளர்வு: பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே செயினை விரலால் தொட்டுப் பாருங்கள். இப்படி மாறி மாறி வந்தால் முன் பல்சக்கரம் வளைந்திருக்கிறது அல்லது மையம் தவறியிருக்கிறது. வழியில் செய்யக்கூடியது, அதிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அரை இஞ்ச் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு வீடு போவது. பல்சக்கரத்தை நிமிர்த்துவது கடை வேலை, சுத்தியலை எடுத்து நீங்களே ஆரம்பிக்காதீர்கள்.

சக்கரம் கடைசி வரை பின்னுக்குப் போய்விட்டது, இன்னும் தளர்வு: செயின் தேய்ந்து நீண்டுவிட்டது. மேஸ்திரி வைத்திருக்கும் இரும்பு டேப்பால் ஒரு பின்னின் நடுவில் இருந்து 24 பின் தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை அளந்தால், புதுச் செயினில் சரியாக 12 இஞ்ச். அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பின்பல்லும் போயிருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பையனின் வண்டியில் கடைசியில் இதுதான். ஒவ்வொரு முறையும் இறுக்கி இறுக்கி ஆறு மாதம் ஓட்டியது என் தப்பு.

அறிகுறி: செயின் ஸ்போக் பக்கமோ ஃப்ரேம் பக்கமோ விழுகிறது (கியர் சைக்கிள்)

உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். ஸ்போக்குக்கும் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் செயின் மாட்டிய நிலையில் ஒரே ஒரு மிதி கூடுதலாக மிதித்தால் ஸ்போக் அறுபடும், பின்னால் இரண்டு குட்டிச் சக்கரத்தோடு தொங்கும் டிரெய்லியர் சக்கரத்துக்குள் போய்விடும். இழுத்து வராவிட்டால் சக்கரத்தைக் கழற்றி எடுங்கள், பலம் காட்டாதீர்கள்.

அப்புறம் முதல் கேள்வி: வண்டி சமீபத்தில் வலது பக்கம் விழுந்ததா? பஸ் மேலோ ரயிலிலோ ஏற்றி இறக்கினீர்களா? ஆம் என்றால் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரமும் மேலே இருக்கும் பல்லும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அடிப்பக்கம் ஸ்போக்கை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர், அதாவது டிரெய்லியரை ஃப்ரேமில் தாங்கும் துண்டு, வளைந்திருக்கிறது. அதைக் கையால் நிமிர்த்தப் போய் முறித்தவர்கள் நிறைய பேர். பெரிய பல்லுக்குப் போகாமல் நடுக் கியரிலேயே வீடு வந்து, ஹேங்கர் நிமிர்த்தும் கருவி உள்ள கடையில் கொடுங்கள். சாதாரண பஞ்சர் கடையில் அந்தக் கருவி இருக்காது, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வண்டி விழவே இல்லை, ஹேங்கரும் நேராக இருக்கிறது என்றால் எல்லை ஸ்க்ரூ, டிரெய்லியர் எவ்வளவு தூரம் நகரலாம் என்று தடுப்பது. டிரெய்லியரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூ, எல், எச் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். ஸ்போக் பக்கம் விழுந்தால் எல், ஃப்ரேம் பக்கம் விழுந்தால் எச். வலஞ்சுழியாகக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பெடலைக் கையால் சுற்றி கியர் மாற்றிப் பாருங்கள், பத்தவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே நேரத்தில் தொட்டீர்கள் என்றால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அறிகுறி: செயின் அறுந்துவிட்டது

அமிர்தி ரோட்டில் ஒரு சின்ன மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது என் செயின் முதல் முறை அறுந்தது. "பட்"டென்று ஒரு சத்தம், கால் வெறும் காற்றில் போனது, முட்டி ஹேண்டில்பாரில். செயின் பத்தடி பின்னால் ரோட்டில் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. நிலத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் வந்து எடுத்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, அந்துபோச்சா?"

"ஆமாங்கய்யா. பக்கத்துல கடை எதனா இருக்குதுங்களா?"

"கட கீது. ஆனா இந்தச் செயினு ரொம்ப சன்னமா கீதே, அவங்கிட்ட இதுக்கு இன்னா கீது?"

அவர் சொன்னதுதான் சரி. கடையில் சுத்தியலும் ஆணியும் வைத்துப் பின்னைத் தட்டினார்கள், மெல்லிய தகடு வளைந்ததுதான் மிச்சம். அன்று மினி லாரியில் வீடு. அந்த வாரமே செயின் கட்டர் வாங்கினேன். பின்னைத் தள்ளும் சின்ன மரை கருவி, உள்ளங்கைக்குள் அடங்கும். இந்தப் பையில் விட்டுவிடவே கூடாதது அதுதான்.

முதலில் வண்டியை ரோட்டை விட்டு இறக்குங்கள். பெங்களூர் ரோட்டு சர்வீஸ் ரோடாக இருந்தால் இன்னும் தள்ளி, எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்கு நாம் தெரியவே மாட்டோம். புளியமரத்தடி கிடைத்தால் நல்லது. கீழே ஒரு துணியை விரித்துவிட்டு உட்காருங்கள், விழும் சாமான் மண்ணில் போகாது.

அறுந்த இரண்டு முனையையும் பாருங்கள். செயினில் அகலமான வெளித்தகடு ஒன்று, ஒடுக்கமான உள்கண்ணி ஒன்று என்று மாறி மாறி வரும். எது உடைந்தது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*வெளித்தகடு உடைந்திருந்தால்:* பெரும்பாலும் இதுதான். உடைந்த தகடு ஜோடியைக் கட்டரால் பின் தள்ளி முழுசாக எடுத்துவிடுங்கள். இப்போது இரண்டு முனையும் உள்கண்ணியாக நிற்கும், நடுவில் லாக் போட்டால் முடிந்தது. லாக்கே ஒரு வெளித்தகடுதான் என்பதால் செயின் நீளம் ஒரு இம்மியும் குறையாது, எல்லா கியரும் பழையபடி ஓடும்.

*உள்கண்ணி நசுங்கியிருந்தால்:* அதையும் அதன் இரண்டு பக்கத்து வெளித்தகடுகளையும் எடுக்க வேண்டும். ஒரு லாக் போட்டு இணைத்தால் செயின் ஒரு இஞ்ச் குறையும். ஓட்டலாம், ஆனால் முன்னால் பெரிய பல்லும் பின்னால் பெரிய பல்லும் சேருகிற கியருக்கு மறந்தும் போகாதீர்கள், செயின் விறைத்து டிரெய்லியரைப் பிய்த்துவிடும். பழைய செயினில் இருந்து ஒரே ஒரு உள்கண்ணியை எடுத்துப் பையில் வைத்திருந்தால் லாக், கண்ணி, லாக் என்று மாட்டி நீளத்தைக் காப்பாற்றலாம். இரண்டு லாக் வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

*லாக் இல்லை, கட்டர் மட்டும் இருக்கிறது:* உடைந்த வெளித்தகட்டோடு பக்கத்து உள்கண்ணியையும் எடுங்கள், ஒரு முனை வெளித்தகடு, ஒரு முனை உள்கண்ணி என்று வரும். அந்த வெளித்தகட்டின் பின்னை முழுக்கத் தள்ளிவிடாமல் தூரப்பக்கத் தகட்டில் துளி ஒட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்த வேண்டும். முழுக்க வெளியே வந்த பின்னைத் திரும்ப நுழைப்பது பொறுமையைச் சோதிக்கும். அப்புறம் கண்ணியை நுழைத்து, கட்டரால் திரும்பத் தள்ளி, இரண்டு பக்கமும் பின் சமமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். 8 கியர் வரை இது தாங்கும். 9 கியரில் இருந்து மேலே பழைய பின்னைத் திரும்பத் தள்ளுவது வீடு வந்து சேர மட்டும்தான். எழுந்து நின்று மிதிக்காதீர்கள், மறுநாளே லாக் போடுங்கள்.

*டிரெய்லியரும் சேர்ந்து உடைந்திருந்தால்:* அதைச் செயினில் இருந்து விடுவித்து, முன்னால் ஒரு பல், பின்னால் நடுவில் ஒரு பல் என்று நேர்கோட்டில் தேர்ந்தெடுத்து, செயினைச் சுருக்கி, கியர் இல்லாத வண்டி மாதிரி ஓட்டிப் போகலாம். சமவெளியில் ஒப்பேற்றும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டு இதை யோசிக்காதீர்கள், வண்டி பிடித்து இறங்குங்கள்.

லாக் போடும்போது ஒரு கை உதவி: சைக்கிள் ஸ்போக் துண்டையோ பழைய கியர் கேபிளையோ கொக்கி மாதிரி வளைத்து, இரண்டு முனையையும் அதில் மாட்டிவிட்டால் செயின் விறைப்பில்லாமல் நிற்கும், இரண்டு கையும் உங்களுக்கே. லாக்கை மாட்டியபின் அதை மேல்பக்கச் செயினுக்குக் கொண்டு வந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி மிதித்தால் "டிக்" என்று உட்காரும். அந்தச் சத்தம் வராமல் கிளம்பாதீர்கள்.

கியர் இல்லாத வண்டியில் கிளிப் வைத்த லாக் வரும். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் போகும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மேல்பக்கச் செயினில் முன்சக்கரத்தை நோக்கி. பிளந்த வாய் முன்னால் இருந்தால் எதிலாவது உரசித் தெறித்துவிடும். கடையில் மாற்றினாலும் இதை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள், அவசரத்தில் திருப்பி மாட்டுவது நடக்கிறதுதான்.

ஒரே மாதத்தில் இரண்டு முறை அறுந்தால் ரிப்பேர் போதும், புதுச் செயின் வாங்குங்கள். அது எங்கோ துருப்பிடித்து உள்ளே இற்றுப்போன செயின், மூன்றாவது லாக் அதைக் காப்பாற்றாது.

அறிகுறி: அழுத்தி மிதித்தால் "டக்" என்று வழுக்குகிறது

கியர் வண்டியில் முதலில் கேபிள். கியர் பாதியில் நின்றாலே வழுக்கும். டிரெய்லியருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகும் குமிழ் இருக்கும், பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழியாக அரைச் சுற்று.

அடுத்து விறைத்த கண்ணி. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, குட்டிச் சக்கரங்களைக் கவனியுங்கள். ஏதோ ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் துள்ளிக்கொண்டு போகும். புதிதாகப் பின் தள்ளி இணைத்த இடம் என்றால் சந்தேகமே வேண்டாம், அதுதான். அந்தக் கண்ணியின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து, செயின் மடங்கும் திசையில் இல்லாமல் பக்கவாட்டில் மெல்ல இப்படியும் அப்படியும் வளைத்தால் விட்டுக்கொடுக்கும். ஒரு சொட்டு எண்ணெய். ஐந்து நிமிட வேலை.

இரண்டும் இல்லை என்றால் தேய்மானம். பின்பல்லைப் பாருங்கள், பல் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து அலை மாதிரி இருந்தால் அதன் காலம் முடிந்தது. புதுச் செயின் போட்ட மறுநாளே வழுக்க ஆரம்பித்தால் செயினைத் திட்டாதீர்கள், புதுச் செயினுக்குப் பழைய பல் ஒத்துப்போகவில்லை. பின்பல் சேர்ந்திருக்கும் ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கென்று தனிக் கருவியும் பெரிய ஸ்பேனரும் வேண்டும், கடைக்குப் போங்கள்.

அறிகுறி: பெடல் சுற்றுகிறது, செயினும் ஓடுகிறது, சக்கரம் வரவில்லை

செயின் நன்றாகத்தான் இருக்கிறது. ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்ன நாக்குகள் அழுக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டன அல்லது உடைந்துவிட்டன. மெல்லிய எண்ணெயை உள்ளே விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பக்கவாட்டில் கையால் நாலு தட்டு. பிடித்தால் நடுவில் நிற்காமல் வீடு. பிடிக்காவிட்டால் தள்ளிக்கொண்டு போவதுதான். கம்பியால் பல்லை ஸ்போக்கோடு கட்டி ஓட்டச் சொல்பவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன்.

அறிகுறி: சத்தம்

கிறீச் கிறீச் என்றால் எண்ணெய் இல்லை. கண்ணிக்கு ஒரு சொட்டு, பத்து சுற்று, அப்புறம் வெளியே ஒட்டியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் நம் ஊர் புழுதிக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அடிக்கடி போட வேண்டும், அவ்வளவே. ஒர்க்ஷாப்பில் வடித்த பழைய என்ஜின் ஆயிலை ஓசியில் கிடைக்கிறது என்று ஊற்றாதீர்கள். பாலாற்று ஓரத்தில் ஒரு நாள் ஓட்டினால் மணலும் ஆயிலும் சேர்ந்து செயினை அரைக்கும் மாவாகிவிடும். டீக்கடையில் கேட்டு வாங்கிய தேங்காய் எண்ணெய் வீடு வரை கொண்டு வரும், வந்ததும் மண்ணெண்ணெயில் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை அதே இடத்தில் "டொக்" என்றால் அது செயின் இல்லை. பழைய வண்டிகளில் கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டு) அடித்திருக்கும் காட்டர் பின் என்ற ஆப்பு ஆணி தளர்ந்திருக்கும். அப்படியே ஓட்டினால் கிராங்க் துளையும் சேர்ந்து தேயும், எதிரில் வரும் முதல் கடையில் நிறுத்துங்கள். இதற்குத்தான் அவர்களிடம் சுத்தியல் இருக்கிறது.

பை

கியர் வண்டிக்கு: செயின் கட்டர், என் செயினுக்கான லாக் இரண்டு, ஒரு உள்கண்ணி, கேபிள் கொக்கி, ஆலன் கீயும் ஸ்க்ரூ டிரைவரும் சேர்ந்த மடக்குக் கருவி ஒன்று, பழைய பனியன் துணி. எல்லாம் சேர்த்து அரைக் கிலோ வராது. பையனின் வண்டிக்கு நட் சைஸ் ஸ்பேனர் ஒன்றும் கிளிப் லாக் ஒன்றும் போதும், மிச்சத்தைக் கடை பார்த்துக்கொள்ளும். ஸ்பேனரை வாங்கும் முன் உங்கள் நட்டில் போட்டுப் பாருங்கள், அளவு வண்டிக்கு வண்டி மாறுகிறது. பெரிய குறடு, சுத்தியல் எல்லாம் ஒரு காலத்தில் சுமந்திருக்கிறேன். அந்த இடத்தில் இப்போது இன்னொரு தண்ணீர் பாட்டில் போகிறது, சித்திரை வெயிலில் அதுதான் முதலில் தேவைப்படும்.

கட்டரை வாங்கியதும் பழைய செயின் துண்டில் வீட்டிலேயே நாலு முறை தள்ளிப் பழகுங்கள். பின்னுக்கு நேராக கட்டரின் ஊசி உட்காராமல் திருகினால் ஊசி வளைந்துவிடும், நான் ஒன்றை அப்படி வீணாக்கியிருக்கிறேன். கை கிரீஸுக்கு சோப்பு தேட வேண்டாம், ஈர மண்ணை அள்ளித் தேய்த்துக் கழுவினாலே முக்கால்வாசி போய்விடும். லாக்குகளை மட்டும் பையில் சும்மா போட்டு வைக்காதீர்கள். ஒரு மழைக்குத் துருப்பிடித்து, தேவைப்படும் நாளில் திறக்காது. ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மருந்துக்கடை ஜிப் கவரில் போட்டு, சீட்டுக்கு அடியில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், பையை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் அது வண்டியோடு வரும்.